பாதை அமைத்தோரும் பயணம் செய்தோரும்

ஒரு சமயம் உலகில் வேரூன்றியது எவ்வாறு என ஆராயப் புகுவோர் பெரும்பாலும் இரு சாராராகப் பிரிந்து நிற்பர். "அனைத்தும் இறைவன் செயல், இதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது?" என்பார் ஒரு சாரார். "அனைத்தும் காலத்தின் செயல், இதில் இறைவனுக்கு என்ன வேலை இருக்கிறது?" என்பார் மறு சாரார். இவ்விருவரையும் அன்றி மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. நம்மில் பலர் நம்மையறியாமலே போய்ச் சேர்ந்துகொள்ளும் கூட்டம் அது. தம் சமயம் பரவியது இறையருளால் என்றும், பிறர் சமயம் பரவியது காலச் சூழ்நிலையால் என்றும் கூறுவோரின் கூட்டம்! ஒரே கடையில் கொள்வதற்கு ஒரு படியும் கொடுப்பதற்கு வேறொரு படியும் வைத்திருக்கும் வணிகனை நம் திருமறை வன்மையாகக் கண்டிக்கிறது. தானியத்தை அளப்பதற்குப் பொருந்தும் அந்த அறம் வரலாற்றை அளப்பதற்குப் பொருந்தாதா?

இவ்வினாவைச் சோதித்துப் பார்க்கக் கிறித்தவ சமயத்தின் தொடக்ககால வரலாறு ஏற்றதொரு களமாகும். நபி ஈஸா (அலை) அவர்களை அல்லாஹ்வின் திருத்தூதராக ஏற்று, அன்னாரின் அன்னை மர்யம் (அலை) அவர்களின் பெயர் தாங்கிய அத்தியாயத்தை ஓதிவரும் நமக்கு அவ்வரலாறு அயலார் வீட்டுச் செய்தியன்று. அன்னாரைப் பற்றிய கொள்கையில் கிறித்தவர்க்கும் நமக்கும் உள்ள வேற்றுமைகள் பெரியவை. அவற்றை மறைப்பதோ மழுப்புவதோ நம் நோக்கமன்று. ஆயின் ஈண்டு எழும் வினா வேறு. பாலஸ்தீனத்தின் ஒரு மூலையில், மீனவர் சிலரும் எளியோர் சிலரும் செவிமடுத்த ஓர் அழைப்பு, நானூறு ஆண்டுகள் முடிவதற்குள் உரோமப் பேரரசின் சமயமாகவே ஆகிவிட்டது எங்ஙனம்? அதில் காலத்தின் பங்கு எவ்வளவு? மனிதரின் பங்கு எவ்வளவு? இறைவனின் நாட்டத்தை நாம் எங்கே காண்பது?

ஆயத்தமாயிருந்த உலகம்

முதலில் காலத்தின் பங்கைக் குறைவின்றிக் கணக்கிடுவோம். அஃது உண்மையிலேயே பெரிய பங்குதான்.

கி.மு. 323-இல் அலெக்சாந்தர் மாண்டபோது அவர் வென்ற நாடுகள் தளபதிகளிடையே சிதறின. ஆனால் அவர் படையோடு சென்ற கிரேக்க மொழி சிதறவில்லை. அடுத்த மூன்று நூற்றாண்டுகளில் எகிப்திலும் சிரியாவிலும் சின்ன ஆசியாவிலும் வணிகர் பேசும் பொது மொழியாக அது நிலைபெற்றது. அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூதர்கள், எபிரேய மொழியை மறந்துபோன தம் மக்களுக்காக, கி.மு. மூன்றாம் நூற்றாண்டு தொடங்கித் தம் வேதங்களைக் கிரேக்கத்தில் பெயர்த்தனர். ஈஸா நபி (அலை) அவர்கள் பேசியது அரமேயம். அன்னாருக்குப் பின் எழுந்த கிறித்தவ நூல்களோ கிரேக்கத்தில் அமைந்தன. அம்மொழி இல்லாதிருப்பின், கலிலேயாவின் செய்தி கொரிந்து நகரத்துக் கைவினைஞன் செவியை அடைய ஒரு மொழிபெயர்ப்பாளனை ஊர்தோறும் தேட வேண்டியிருந்திருக்கும்.

மொழியைத் தந்தது கிரேக்கம். அமைதியைத் தந்தது உரோம். கி.மு. 67-இல் பாம்பே என்னும் உரோமத் தளபதி மத்தியதரைக் கடலின் கொள்ளையரை ஒடுக்கினார். கி.மு. 63-இல் அவரே ஜெரூசலத்தையும் கைப்பற்றினார். கி.மு. 31-இல் ஆக்டியம் கடற்போரோடு உரோமரின் நெடிய உள்நாட்டுப் போர்கள் முடிவுற்று, அகஸ்டஸின் ஒரு குடைக்கீழ் அக்கடலைச் சூழ்ந்த நாடுகள் யாவும் வந்தன. போர் இல்லாத காலத்தில் மட்டுமே சாத்தப்படும் ஜானஸ் கோயிற் கதவுகள், நகர் தோன்றிய நாள்முதல் தமக்கு முன் இரு முறையே சாத்தப்பட்டன என்றும், தம் காலத்தில் மூன்று முறை சாத்த ஆணை பிறந்தது என்றும் அவர் பெருமையோடு பொறிக்கச் செய்தார். அக்கல்வெட்டின் படி துருக்கியின் அங்காராவில், ஹாஜி பைராம் பள்ளிவாசலை ஒட்டி நிற்கும் பழங்கோயிலின் சுவரில் இன்றும் காணப்படுகிறது.

அமைதியோடு பாதைகளும் வந்தன. ஆத்ரியாடிக் கடலோரத்திலிருந்து மாசிடோனியாவின் ஊடே இன்றைய இஸ்தான்பூல் வரை சென்ற எக்னாசியப் பெருவழி அவற்றுள் ஒன்று. பிலிப்பி, தெசலோனிக்கா என்று புதிய ஏற்பாட்டில் நாம் காணும் ஊர்கள் அவ்வழியில் அமைந்தவையே. கடல்வழியும் பெருகிற்று. செங்கடல் துறையொன்றிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவை நோக்கிச் சென்றதாக அக்காலத்து ஸ்டிராபோ எழுதுகிறார். நம் சங்க நூல்கள் பேசும் யவனர் மிளகு தேடி முசிறிக்கு வந்ததும் இதே அமைதியின் நிழலில்தான். இந்தச் செங்கடல் வழியைப் பின்னர் மீண்டும் காண்போம்.

மூன்றாவது ஆயத்தம் யூதர்களால் அமைந்தது. அவர்கள் அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா, உரோம் என்று பெருநகர்கள் பலவற்றிலும் பரவி வாழ்ந்தனர். சென்றவிடமெல்லாம் தொழுகைக் கூடம் எழுப்பி, வாரந்தோறும் சனிக்கிழமை கூடி வேதம் ஓதினர். ஓரிறைக் கொள்கையின் மேன்மையில் மனம் ஈடுபட்டு, முழு யூதராக மாறாமல் அக்கூடங்களின் ஓரத்தில் வந்து அமர்ந்த அயலாரும் ஊர்தோறும் இருந்தனர். சிலைகள் நிறைந்த உலகில் ஒரே இறைவனைப் பற்றிப் பேசினால் வியக்காமல் கேட்கும் செவிகள் முன்னரே அங்கு உருவாகியிருந்தன. பவுல் தம் பயணங்களில் புதிய ஊருக்குச் சென்றதும் பெரும்பாலும் முதலில் நாடியது அக்கூடங்களையே. அவர் யூதர், கிரேக்கம் எழுதியவர், உரோமக் குடியுரிமை பெற்றவர். அந்தக் காலத்தின் மூன்று வசதிகளும் ஒரே மனிதரிடம் வந்து கூடியிருந்தன. அவர் போதித்தவற்றுள் நாம் ஏலாதவை பல. ஆயினும் இக்காலப் பொருத்தத்தைக் காணாதிருக்க இயலாது.

ஈஸா நபியைப் பின்பற்றியோர் முதன்முதலாகக் கிறித்தவர் என்று அழைக்கப்பட்ட இடம் அந்தியோக்கியா நகரம் என்று அவர்களின் நூல் கூறும். வெள்ளி இரவுகளில் நம் இல்லங்களில் ஓதப்படும் யாஸீன் அத்தியாயத்தில், தூதர்கள் அனுப்பப்பட்ட ஓர் ஊரும், அவ்வூரின் கோடியிலிருந்து ஓடிவந்து அவர்களுக்காகப் பரிந்து பேசிய ஒரு நல்லடியாரும் வருகிறார்கள். அவ்வூர் அன்தாக்கியா என்றே விரிவுரையாளர் பலர் கொண்டனர். இமாம் இப்னு கஸீர் போன்றோர் அதில் ஐயம் எழுப்பினர். அந்நல்லடியாரின் பெயரால் அந்நகரில் விளங்கிய ஹபீபுந் நஜ்ஜார் பள்ளிவாசல் 2023 பிப்ரவரி நிலநடுக்கத்தில் இடிந்து வீழ்ந்த செய்தி நம் நெஞ்சை வருத்தியதற்கு இத்தொடர்பும் ஒரு காரணம்.

ஒரே காட்சி, இரு விளக்கங்கள்

இத்தகைய ஆயத்தத்தைக் கண்டோர் கூறிய விளக்கங்கள் இரண்டு. மூன்றாம் நூற்றாண்டின் கிறித்தவ அறிஞர் ஓரிஜன், கி.பி. 248-ஐ ஒட்டி எழுதிய தம் மறுப்பு நூலில், அகஸ்டஸின் ஆட்சியை இறைவன் செய்த ஏற்பாடாகவே கண்டார். பல அரசுகள் பிரிந்து நின்று போரிட்டிருப்பின் சீடர்கள் நாடு விட்டு நாடு செல்வது அரிதாகியிருக்கும் என்பதும், அதனாலேயே இறைவன் நாடுகளை ஒரு மன்னன்கீழ் கொணர்ந்தான் என்பதும் அவர் வாதம். ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்குப் பின், 1776-இல், ஆங்கில வரலாற்றாசிரியர் கிப்பன் தம் பெருநூலின் முதற் பகுதியில் கிறித்தவம் வென்றதற்கு ஐந்து காரணங்களை அடுக்கினார். முதற் காரணம் இறைவனே என்று மரியாதைக்கு ஒரு சொல் சொல்லி ஒதுக்கிவிட்டு, எஞ்சிய பக்கங்களையெல்லாம் உலகியற் காரணங்களுக்கே அவர் ஒதுக்கியதைக் கண்டு அவர் காலத்துச் சமயவாதிகள் கொதித்தெழுந்தனர்.

ஒருவர் காரணங்களில் இறைவனைக் கண்டார். மற்றவர் காரணங்களால் இறைவனை மறைத்தார். இருவர் கண்ட காட்சியோ ஒன்றுதான். ஆகவே காட்சியைக் கொண்டு மட்டும் இவ்வழக்கைத் தீர்க்க இயலாது. அந்தக் காட்சியிலேயே இருவரும் போதிய அளவு நோக்காத ஒரு பகுதி உண்டு. அதனை இனிக் காண்போம்.

அதே பாதையில் சென்ற பிறர்

உரோமரின் பாதை கிறித்தவர்க்கென்று தனியே போடப்பட்டதன்று. எகிப்தின் ஐசிஸ் தெய்வ வழிபாடு அதே கப்பல்களில் ஏறி இத்தாலிக்குச் சென்றது. எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பாம்பெயி நகரில் அத்தெய்வத்தின் கோயில் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. மித்ரா வழிபாட்டைப் படைவீரர்கள் அதே சாலைகளில் சுமந்து சென்றனர். லண்டன் மாநகரின் அடியில் 1954-இல் வெளிப்பட்ட மித்ரா கோயில் அதற்குச் சான்று. சக்கரவர்த்தியைத் தெய்வமாக்கிய வழிபாட்டுக்கோ பாதையோடு கருவூலமும் துணை நின்றது. மொழி, சாலை, அமைதி ஆகிய மூன்றும் இவர்கள் அனைவர்க்கும் பொது. ஆயின் இன்று ஐசிஸின் அடியார் எங்கே? மித்ராவின் தொண்டர் எங்கே? வசதி ஒன்றே காரணமாயின் வசதி பெற்ற அனைவரும் அன்றோ வாழ்ந்திருக்க வேண்டும்?

மேலும் அந்த அமைதிக்கு மற்றொரு முகமும் இருந்தது. கி.மு. 4-இல் ஏரோது மன்னன் மறைந்தபின் யூத நாட்டில் எழுந்த கிளர்ச்சியை அடக்கிய உரோம ஆளுநர் வாரஸ், ஏறத்தாழ 2,000 பேரைச் சிலுவையில் அறைந்ததாக யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியுள்ளார். சீடர்களை விரைந்து செல்லவிட்ட அதே சாலையில்தான் அவர்களைப் பிடிப்பதற்கான ஆணையும் விரைந்து வந்தது. கி.பி. 64-இல் உரோம் நகரம் தீக்கிரையானபோது நீரோ மன்னன் பழியைக் கிறித்தவர்மேல் சுமத்திக் கொடிய தண்டனைகள் இழைத்தான். 112-ஐ ஒட்டிக் கருங்கடற் கரையின் பித்தீனியா நாட்டை ஆண்ட பிளினி, இவர்களை என்ன செய்வது என்று சக்கரவர்த்தி டிராஜனுக்கு எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. அந்தச் சபையில் பணிவிடை புரிந்த அடிமைப் பெண்கள் இருவரைச் சித்திரவதை செய்து விசாரித்ததை அதில் அவர் கூசாமல் குறிப்பிடுகிறார். அவர்களின் பெயர்களைக்கூட அவர் எழுதவில்லை.

250-இல் டீசியஸ் மன்னன், குடிகள் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டுமென ஆணையிட்டான். இந்த டீசியஸ் யார் என்று வியக்க வேண்டா. குகைவாசிகளின் வரலாற்றில் நம் பாட்டிமார் 'தக்யானூஸ்' என்று கூறிய கொடுங்கோலன் இவனே. கஹ்பு அத்தியாயம் அம்மன்னன் பெயரையோ ஊரின் பெயரையோ கூறவில்லை. அவ்விளைஞர்களின் உறுதியையே கூறுகிறது. பெயர்களைத் தந்தவை பிற்கால மரபுகள். வெள்ளிக்கிழமைதோறும் அந்த அத்தியாயத்தை ஓதும் நாம், உரோமச் சூழ்நிலை நம்பிக்கையாளர்க்கு எவ்வளவு 'சாதகமாக' இருந்தது என்பதை அக்குகையின் வாயிலில் நின்று எண்ணிப் பார்க்கலாம்.

சூழ்நிலை தர இயலாதது

அப்படியாயின் பாதை தராத எதனை இம்மக்கள் தாமாகத் தந்தனர்?

எகிப்தின் மணலில் கிடைத்த ஒரு கடிதம் உண்டு. கி.மு. 1-ஆம் ஆண்டில், அஃதாவது ஈஸா நபி (அலை) அவர்களின் பிறப்பை ஒட்டிய காலத்தில், ஹிலாரியன் என்னும் தொழிலாளி அலெக்சாந்திரியாவிலிருந்து ஊரிலுள்ள தன் மனைவிக்கு எழுதியது அது. கவலைப்பட வேண்டா என்கிறான். கூலி கிடைத்ததும் அனுப்புவதாகச் சொல்கிறான். இருக்கும் குழந்தையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள மன்றாடுகிறான். உன்னை எங்ஙனம் மறப்பேன் என்று உருகுகிறான். இவற்றுக்கிடையே, பிறக்கப்போகும் மகவு ஆணாயின் வைத்துக்கொள்ளவும் பெண்ணாயின் வெளியே எறிந்துவிடவும் சொல்கிறான். இவன் கொடியவன் அல்லன், அன்புள்ள கணவன், அக்காலத்துச் சராசரி மனிதன். அதுதான் நம்மை நடுங்க வைக்கிறது. பெண்மகவை உயிரோடு புதைத்த அரபியரின் அறியாமைக் காலத்தை அறிந்த நமக்கு இக்கடிதத்தைத் தனியே விளக்க வேண்டுவதில்லை. உரோமச் சாலை இக்கடிதத்தையும் பத்திரமாகச் சுமந்து சென்றது. நல்லதெது தீயதெது என்று சாலை கேட்பதில்லை.

அத்தகைய உலகில் யூதர்களும், அவர்களைத் தொடர்ந்து கிறித்தவர்களும், 'பிறந்த சிசுவைக் கொல்லலாகாது' என்று நின்றனர். தொடக்ககாலக் கிறித்தவ ஒழுக்க நூல்கள் இதனை வெளிப்படையாகவே விலக்கின. பின்னர், மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் பெருங்கொள்ளை நோய் பரவியபோது, ஊரார் தம் உறவினரையே தெருவில் விட்டு ஓடியதையும், கிறித்தவர் பலர் நோயுற்றோரைத் தொட்டுப் பணிவிடை செய்து தாமும் மாண்டதையும் அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனிசியஸ் எழுதியுள்ளார். அவர் தம் மக்களைப் புகழ்ந்து எழுதியது என்று தள்ளுவோர் மாற்றாரின் சாட்சியத்தையாவது கேட்க வேண்டும். கிறித்தவத்தைக் கைவிட்டுப் பழைய தெய்வங்களை மீட்க முயன்ற ஜூலியன் மன்னன், 362-இல் தன் பூசகர் ஒருவருக்கு எழுதுகையில், அந்தக் கலிலேயர்கள் தம் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துப் பேணுகின்றனரே என்று வெட்கி வருந்துகிறான். பகைவன் நாவிலிருந்து வரும் புகழுக்கு மேற்சாட்சி வேண்டுமோ?

பாதை அனைவர்க்கும் கிடைத்தது. அப்பாதையில் நோயாளியைக் கண்டு விலகிச் செல்வதா, குனிந்து தூக்குவதா என்பதை மட்டும் பாதை தீர்மானிக்கவில்லை.

அளவுகோலை நம்மை நோக்கித் திருப்பினால்

இப்போது அதே படியால் நம் வரலாற்றையும் அளப்போம். இஸ்லாத்தின் எழுச்சியைப் பற்றி எழுதும் மேனாட்டார் சிலர், பைசாந்தியமும் பாரசீகமும் 602 முதல் 628 வரை ஒன்றையொன்று அடித்து ஓய்ந்திருந்தன. களைத்த இரு மல்லரை அரபியர் எளிதில் வீழ்த்தினர் என்பர். இதனைப் படிக்கையில் நம் உள்ளம் சுருக்கென்கிறது. ஏன்? அவர்கள் கூறும் போர் பொய்யன்று. 614-இல் ஜெரூசலம் பாரசீகர் வசமானதையும் பின்னர் உரோமர் மீண்டெழுந்ததையும் ரூம் அத்தியாயத்தின் விரிவுரைகளில் நாமே படிக்கிறோம். குறைஷியர்க்கு வாய்த்த குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் அருட்கொடையாக நினைவூட்டுவதும் நம் திருமறையே. அரபியர்க்கும் பொது மொழி இருந்தது, பெருவழி இருந்தது, தவ்ராத்தை ஓதிய யூதர்கள் யத்ரிபில் அண்டைவீட்டாராக இருந்தனர்.

இதனினும் தெளிவான சான்று ஒன்று நம் வீட்டுக்குள்ளேயே உண்டு. ஹிஜ்ரத்துக்குச் சில ஆண்டுகள் முன்னர் யத்ரிபின் அவ்ஸ், கஸ்ரஜ் கூட்டத்தார் புஆஸ் என்னுமிடத்தில் ஒருவரையொருவர் வெட்டி மடிந்தனர். தலைவர் பலர் மாண்டனர். எஞ்சியோர் போரில் சலித்து ஒரு நடுவரை நாடினர். அந்த நாளைப் பற்றி அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அதனை அல்லாஹ் தன் தூதருக்காக முன்கூட்டியே அமைத்த நாளாகவே அன்னை கண்டார்கள். நோக்குங்கள்! சூழ்நிலை சாதகமாயிருந்தது என்பதை அன்னை மறைக்கவில்லை. அதனால் இறைவனின் பங்கு குறைந்துவிடும் என்று அஞ்சவுமில்லை. காரணங்களைப் படைத்தவனை நம் ஆன்றோர் 'முஸப்பிபுல் அஸ்பாப்' என்று போற்றினர். காரணம் ஒன்றைக் கண்டுபிடித்ததும் காரணனைக் காணவில்லையென்பது, எழுதுகோலைக் கண்டுவிட்டு எழுதியவன் இல்லையென்பதற்கு ஒப்பாகும்.

ஆயின் இவ்வுண்மையை நமக்கு மட்டும் உரிமையாக்கிக்கொள்ள முடியாது. புஆஸ் போரில் இறைவனின் ஏற்பாட்டைக் காணும் கண், ஆக்டியம் போருக்கு முன் மூடிக்கொள்வது முறையாகாது. ஈஸா நபியின் பெயர் உலகெங்கும் பரவ மொழியும் பாதையும் முன்னரே அமைந்ததில் அல்லாஹ்வின் நாட்டம் இருந்தது என்பதை ஏற்பதால் நம் ஈமானுக்கு ஒரு குறையும் நேராது. பரவியவை அனைத்தும் சரியானவை என்று அதற்குப் பொருளில்லை. மழை பொழிவது அவன் செயல். அம்மழையில் நெல்லும் முளைக்கும், களையும் முளைக்கும்.

அவ்வாறே, சூழ்நிலை எளிதாக்கியது என்போர்க்கும் ஒரு மறுவினா உண்டு. மக்காவில் கழிந்த 13 ஆண்டுகளை எளிதாக்கியது எது? தாயிபில் பெருமானார் (ஸல்) அவர்களின் திருப்பாதங்களில் குருதி வழிந்தபோது சூழ்நிலை எங்கே போயிருந்தது? பித்தீனியாவின் பெயரறியா அடிமைப் பெண்கள் இருவரும், மக்காவின் சுடுமணலில் கிடத்தப்பட்ட பிலால் (ரலி) அவர்களும், காலம் தமக்குச் சாதகம் என்று கணக்கிட்டு உறுதி பூண்டவர்கள் அல்லர். காலம் சாதகமென்று பின்னால் வந்த நாம் எழுதுகிறோம். வாழ்ந்தவர்களுக்கு அது பெரும்பாலும் இருட்டாகவே இருந்தது.

சாதகமான காலமே சோதனை

இன்னும் ஓர் உண்மை எஞ்சியுள்ளது. கிறித்தவர்க்கு உண்மையிலேயே சாதகமான காலம் எப்போது வந்தது? 313-இல் கான்ஸ்டன்டைன் அவர்கட்கு உரிமை வழங்கியபோது வந்தது. 325-இல் நைசியாவில் மன்னரே ஆயர்களைக் கூட்டினார். 380-இல் தியோடோசியஸ் அதனையே பேரரசின் நெறியென ஆணையிட்டார். அதன்பின் நிகழ்ந்ததென்ன? ஓரிரு தலைமுறைக்கு முன் நீதிமன்றங்களில் நின்ற சமூகம் இப்போது நீதிமன்றங்களை நடத்திற்று. 380-களின் நடுவில் பிரிசில்லியன் என்னும் ஆயர் கிறித்தவ மன்னன் ஒருவனாலேயே கொல்லப்பட்டார். அவர் கொள்கைப் பிறழ்வினர் என்பதே அவர்மீது எழுந்த முதற் பழி. 388-இல், இன்று ரக்கா என வழங்கும் இடத்திலிருந்த கல்லினிக்கம் என்னும் ஊரில் யூதர்களின் தொழுகைக் கூடம் கொளுத்தப்பட்டது. கொளுத்தியவர்களே அதனைக் கட்டித்தர வேண்டுமென மன்னர் பணித்தபோது, மிலான் நகரத்து ஆயர் அம்புரோஸ் அவ்வாணையை எதிர்த்து நின்று திரும்பப் பெறச் செய்தார். எந்தத் தொழுகைக் கூடங்களின் நிழலில் அவர்களின் முதல் அழைப்பு ஒலித்ததோ, அவற்றுள் ஒன்றின் சாம்பலைக் காப்பதற்கு அவ்வாயர் வாதாடினார்!

இதனைச் சுட்டிப் பிறரை நகைக்க நமக்கு உரிமையில்லை. 833-இல் மஃமூன் கலீபா தம் அரசின் கொள்கையொன்றை ஏற்குமாறு அறிஞர்களைத் துன்புறுத்தத் தொடங்கினார். அடுத்து வந்தவர் காலத்தில் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களின் முதுகில் சவுக்கு வீழ்ந்தது. அடித்தவர்கள் வேற்றுச் சமயத்தார் அல்லர். கிப்லாவை நோக்கித் தொழுதவர்களே. துன்பத்தில் பொறுமை ஒரு சோதனை. வசதியில் நீதி அதனினும் கடிய சோதனை. ஒரு சமயம் பரவுவதற்கு ஏற்ற காலம், அச்சமயம் சொன்ன அறம் வாழ்வதற்கும் ஏற்ற காலமாக எப்போதும் இருப்பதில்லை.

செங்கடலின் மறுகரையில்

முன்னர்க் குறித்த செங்கடல் வழிக்கு இப்போது வருவோம். நான்காம் நூற்றாண்டில் சிரியக் கரையின் தீர் நகரத்து இளைஞர் இருவர் அவ்வழியே வந்த கப்பலில் இருந்தனர். கரையோரத்தில் ஏனையோர் கொல்லப்பட, இவர்கள் மட்டும் பிழைத்து அபிசீனியாவின் அக்சூம் அரசவைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவரான புருமென்தியஸ் வாயிலாக அந்நாட்டில் கிறித்தவம் வேர்விட்டது என்பது அத்திருச்சபையின் வரலாறு. எஸானா மன்னனின் பழைய நாணயங்களில் பிறையும் வட்டமும் இருந்த இடத்தில் பின்னர்ச் சிலுவை வந்தது. கொலையில் முடிந்த ஒரு கடற்பயணத்தின் விளைவு அது. அந்த நாளில் அதனைச் சாதகமான சூழ்நிலை என்று யார் கூறியிருப்பர்?

முந்நூறு ஆண்டுகள் கழிந்தன. 615-ஐ ஒட்டி, மக்காவின் கொடுமை தாளாத முஸ்லிம்கள் சிலர் அதே கடலைக் கடந்து அதே நாட்டை அடைந்தனர். அங்கே எவரும் அநீதிக்கு ஆளாகாத ஒரு மன்னர் இருக்கிறார் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்களே அவர்களை அனுப்பியிருந்தார்கள். குறைஷியரின் தூதர்கள் பரிசுப் பொருள்களோடு பின்தொடர்ந்து வந்து, ஓடிவந்தோரைத் திருப்பித் தருமாறு கேட்டனர். நஜ்ஜாஷி மன்னர் இரு தரப்பையும் கேட்டார். ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தை ஓதினார்கள். மன்னரின் தாடி கண்ணீரால் நனைந்தது. பரிசுகள் திருப்பியளிக்கப்பட்டன. அகதிகள் அங்கேயே தங்கினர். அம்மன்னர் மறைந்தபோது மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் தோழர்களோடு அணிவகுத்து நின்று அவருக்காக ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள்.

அன்று நம் முன்னோர்க்குக் கிடைத்த அடைக்கலத்தின் வேரைத் தேடிச் செல்லுங்கள். அக்சூமின் சிலுவை பொறித்த நாணயத்துக்கும், அங்கிருந்து கப்பலில் பிழைத்த இரு இளைஞர்க்கும், அவர்களைச் சுமந்த உரோமக் காலத்துக் கடல்வழிக்கும் அது நம்மை இட்டுச் செல்லும். பிறர் சமயத்துக்குக் காலம் செய்த உதவி என்று நாம் அலட்சியமாகக் குறித்து வைத்த அந்த ஏற்பாடு, நம் வீட்டுப் பெண்களையும் ஆண்களையும் காப்பதற்கும் ஆகியிருந்தது. இறைவனின் ஏற்பாடுகளை, 'இது அவர்களுக்கு, இது நமக்கு' என்று பங்கு பிரிக்கும் அறிவு நமக்கு இல்லை.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. கடல்வழி நஜ்ஜாஷியிடம் மக்களைக் கொண்டு சேர்த்தது, அவ்வளவே. பரிசுத் தட்டு ஒரு பக்கமும் ஏதிலியர் மறுபக்கமும் நின்ற அந்த நாழிகையில், தட்டைத் திருப்பியனுப்பியது கடல்வழி அன்று. ஒரு மனிதரின் நீதி. நம் வாயிலிலும் பாதைகள் பல வந்து முடிகின்றன. அவற்றின் வழியே யார் வந்து நிற்பார் என்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. வந்து நிற்பவர் எச்சமயத்தவராயினும் அவரை எந்தப் படியால் அளப்பது என்பது நம் கையில் இருக்கிறது. மறுமையில் நம்மிடம் கேட்கப்படும் கணக்கும் அதுவே.